985: ஆயிரங்கால் மண்டபத்தின் தூண் கணக்கும் இரண்டின் வர்க்கமூலமும்

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளை மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் நிற்பவை 985 தூண்கள்தான் என்று தெரிந்ததும் அவள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாள். ஆயிரத்துக்குப் பதினைந்து குறைவு என்பதைத் தவிர 985-க்கு வேறு சிறப்பு உண்டா? தெரிந்தேதான் அந்த எண்ணிக்கையில் கட்டினார்களா?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அப்படி நினைக்க ஆதாரம் எதுவும் இல்லை. அந்த மண்டபம் 1569-இல் தளவாய் அரியநாத முதலியார் கட்டியது. ஆயிரம் தூணுக்கான இடத்தில் பதினைந்து தூண் நிற்க வேண்டிய பகுதியைச் சன்னதி எடுத்துக்கொண்டது, மிச்சம் 985 என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அதாவது அந்த எண்ணை யாரும் தேடிப் பிடிக்கவில்லை, கழித்தலில் வந்தது. "நம் முன்னோர் இந்த எண்ணின் ரகசியம் தெரிந்து கட்டினார்கள்" என்று யாராவது வீடியோ போட்டால் நம்ப வேண்டாம். ஆனால் கழித்தலில் வந்த அந்த எண் உண்மையிலேயே அருமையான எண். அதனால்தான் முதல் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எண்ணை உடைத்துப் பார்ப்பதில் இருந்து தொடங்கலாம். 1000 என்பது ஐந்து 200. 15 என்பது ஐந்து 3. ஆகவே 985 என்பது ஐந்து 197. மனக்கணக்கிலேயே வந்துவிடும். 197 பகா எண்ணா? 14-ஐ 14-ஆல் பெருக்கினால் 196. எனவே 13 வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். 2, 3, 5, 7, 11, 13 எதுவும் மீதியின்றி வகுக்காது. 197 பகா எண்தான். 196-க்கு அடுத்த எண் 197 என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆக 985-க்கு வகுக்கும் எண்கள் நான்கே நான்கு: 1, 5, 197, 985. இதற்கு நேரடியான ஒரு விளைவு உண்டு. 985 தூண்களை இடைவெளி விடாமல் வரிசையும் பத்தியுமாகச் செவ்வகத்தில் நிறுத்த வேண்டுமென்றால், வரிசைக்கு 197 வீதம் ஐந்து வரிசைதான் வரும். அது மண்டபமாக இருக்காது, நீண்ட நடைபாதையாக இருக்கும். 1000 என்றால் 25-க்கு 40 வைக்கலாம், 20-க்கு 50 வைக்கலாம். அதே மண்டபத்தில் நுழைந்ததும் மேலே விதானத்தில் தமிழ் ஆண்டுகள் அறுபதையும் குறிக்கும் சக்கரம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 60-க்குப் பன்னிரண்டு வகுக்கும் எண்கள் உண்டு, எப்படி வேண்டுமானாலும் பங்கு போடலாம். வகுத்தல் என்ற அளவில் 985 அதற்கு நேரெதிர். அதன் சிறப்பு வகுத்தலில் இல்லை, வர்க்கத்தில் இருக்கிறது.

அதைப் புள்ளிக் கோலத்தை வைத்துச் சொல்கிறேன். 5-க்கு 5 நேர்ப்புள்ளி வைத்த கோலம் இரண்டு. ஒவ்வொன்றிலும் 25 புள்ளி, மொத்தம் 50. இந்த 50 புள்ளியையும் கலைத்து ஒரே பெரிய சதுரமாக வைக்க முடியுமா? 7-க்கு 7 வைத்தால் 49 போய்விடும், ஒரு புள்ளி மிச்சம். சரி, வேறு அளவில் முயன்றால்? இரண்டு சம சதுரங்களின் புள்ளிகள் மிச்சமில்லாமல் ஒரே சதுரமாக மாறவே மாறாது. இரண்டின் வர்க்கமூலத்தைப் பின்னமாக எழுத முடியாது, அது விகிதமுறா எண் என்று பாப்பாவின் பாடப்புத்தகத்தில் இருப்பது இந்தச் செய்திதான். ஆகையால் நாம் அடையக்கூடிய மிக நெருக்கம் ஒரு புள்ளி வித்தியாசம். 5-ம் 7-ம் அந்த நெருக்கத்தைத் தொடுகின்றன. 29-ம் 41-ம் தொடுகின்றன: இரண்டு 841 சேர்ந்தால் 1682, 41-இன் வர்க்கம் 1681.

இப்போது 985-க்கு வாருங்கள். 985-இன் வர்க்கம் 9,70,225. இரண்டு மடங்கு 19,40,450. 1393-இன் வர்க்கம் 19,40,449. பத்தொன்பது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளில் மிச்சம் ஒரே ஒரு புள்ளி.

இப்படிப்பட்ட ஜோடிகளைக் கண்டுபிடிக்கக் கூட்டல் மட்டும் தெரிந்தால் போதும். 1, 1 என்று தொடங்குங்கள். முதல் எண் சதுரத்தின் பக்கம், இரண்டாவது அதன் மூலைவிட்டத்துக்கு நெருங்கிய எண் (மூலைவிட்டத்தின் வர்க்கம், பக்கத்தின் வர்க்கத்தைப் போல் இரண்டு மடங்கு). இரண்டையும் கூட்டினால் அடுத்த பக்கம். அந்தப் புதிய பக்கத்தோடு பழைய பக்கத்தைக் கூட்டினால் அடுத்த மூலைவிட்டம். இப்படியே போனால் 2, 3. அப்புறம் 5, 7. பிறகு 12, 17, 29, 41, 70, 99, 169, 239, 408, 577. ஒன்பதாவதாக 985, 1393. ஒவ்வொரு படியிலும் வித்தியாசம் ஒன்றுதான். ஒரு படியில் ஒன்று கூடும், அடுத்த படியில் ஒன்று குறையும். கிரேக்க அறிஞரான ஸ்மிர்னா நகரத்துத் தியோன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே இந்தப் படிகளைப் பக்க எண், மூலைவிட்ட எண் என்ற பெயரில் எழுதிவைத்திருக்கிறார். இன்று 1, 2, 5, 12, 29, 70, 169, 408, 985 என்ற வரிசைக்குப் பெல் எண்கள் என்று பெயர். ஆயிரத்துக்குள் வரும் கடைசிப் பெல் எண் 985. அடுத்தது 2378.

ஜான் பெல் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணித அறிஞர். ஒரு வர்க்கத்தின் இரண்டு மடங்குக்கும் இன்னொரு வர்க்கத்துக்கும் வித்தியாசம் ஒன்று என்பது போன்ற சமன்பாட்டோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது, கணித மேதை ஆய்லர் தவறாகக் குறிப்பிட்டதால். உண்மையில் நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628-இலேயே இந்த வகைச் சமன்பாடுகளை எடுத்துக்கொண்டு, தெரிந்த இரண்டு விடைகளைச் சேர்த்து மூன்றாவது விடை காணும் வழியைச் சொல்லியிருக்கிறார். பெல் என்ற பெயரைப் படிக்கும்போது அவரையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

இந்தப் படிகள் ஏதோ ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் ஒரு ஏ4 தாளை எடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம். இரண்டையும் மூன்றால் வகுத்தால் 70, 99. மேலே சொன்ன ஆறாவது படி அப்படியே கையில் இருக்கிறது. ஏ3 தாளை ஏ4 ஆகச் சுருக்க 71 சதவீதம் என்று வைப்பதும் இரண்டின் வர்க்கமூலத்தால் வருவதுதான்.

985-க்கு முந்தைய படியான 408, 577 இன்னும் பழமையானது. வேள்விக்கான மேடைகளை அளந்து கட்டச் சொல்லித்தரும் சுல்ப சூத்திரங்களில், சதுரத்தின் மூலைவிட்டம் காண ஒரு வழி இருக்கிறது. பக்கத்தோடு அதில் மூன்றில் ஒரு பங்கைச் சேர், அந்தப் பங்கில் நான்கில் ஒன்றைச் சேர், அதில் முப்பத்துநான்கில் ஒன்றைக் கழி. பக்கம் 408 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: 408, அதோடு 136, அதோடு 34, அதிலிருந்து 1 போக, 577. கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்து அளவு இது. அதற்கு அடுத்த படிக்கட்டில் நிற்பது நம் 985.

ஒரு படி ஏறினால் என்ன லாபம்? இரண்டின் வர்க்கமூலம் 1.41421356 என்று போகும். 577-ஐ 408-ஆல் வகுத்தால் 1.41421568. ஐந்து தசமம் வரை சரி. 1393-ஐ 985-ஆல் வகுத்தால் 1.41421319. ஆறு தசமம் வரை சரி. 985-ஐ விடச் சிறிய எண்ணைக் கீழே வைத்து எந்தப் பின்னத்தை எழுதினாலும் இதைவிட நெருங்கிப் போக முடியாது. இது நிரூபிக்கப்பட்ட உண்மை.

இன்னும் கையால் தொடும்படி சொல்வதென்றால், ஒரு பக்கம் 985 மில்லிமீட்டர் உள்ள சதுரக் கல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர். மூலைக்கு மூலை டேப் வைத்தால் 1393 மில்லிமீட்டர் காட்டும். உண்மையான மூலைவிட்டம் அதைவிட 0.00036 மில்லிமீட்டர் அதிகம். தலைமுடியின் தடிமனை இருநூறாகப் பிளந்தால் ஒரு பங்கு அவ்வளவு வரும். எந்த ஸ்தபதியின் உளியும், எந்த டைல்ஸ் மிஷினும் அந்த அளவைத் தொடாது.

இந்த இடத்தில், இணையத்தில் அடிக்கடி சுற்றும் ஒரு தமிழ் வாய்பாட்டையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாப்பா அதைக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பாள். செங்கோண முக்கோணத்தில் நீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள நீண்ட பக்கம்) வந்துவிடும், வர்க்கமூலமே தேவையில்லை என்கிறார்கள். நீளம் 4, உயரம் 3 என்றால் 3.5-ம் 1.5-ம் சேர்ந்து 5. சரியாக வருகிறது. நீளம் 12, உயரம் 5 என்றால் 10.5-ம் 2.5-ம் சேர்ந்து 13. அதுவும் சரி. ஆனால் இரு பக்கமும் 985 என்று போடுங்கள். 1354.375 என்று வரும். வர வேண்டியது 1393. ஒரு மீட்டர் கல்லில் கிட்டத்தட்ட நான்கு சென்டிமீட்டர் தப்பு. காரணம் எளிது: உயரமும் நீளமும் 3-க்கு 4, 5-க்கு 12 என்ற இரண்டு விகிதத்தில் இருந்தால் மட்டுமே அந்த வாய்பாடு துல்லியம். மற்ற எல்லா இடத்திலும் தோராயம்தான். இருபடிச் சமன்பாடு தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவி இதைத் தானே நிரூபிக்கலாம். பிதாகரஸ் தேற்றத்தைவிட மேலானது என்று அதைக் கொண்டாடுவது சரியில்லை. மனக்கணக்குக்கு நல்ல தோராயம், அவ்வளவுதான். பெருமைப்பட நமக்கு 577-ம் 408-ம் இருக்கின்றன.

முக்கோணத்துக்கு வந்தாயிற்று. வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் நூல் பிடித்து ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்து மூலைமட்டம் சரிசெய்வார். இந்த 3, 4, 5-இல் ஒரு அழகு: சிறிய பக்கங்கள் இரண்டும் அடுத்தடுத்த எண்கள். இப்படி அடுத்தடுத்த எண்கள் பக்கமாக வரும் செங்கோண முக்கோணங்கள் மிக அரிது. அடுத்தது 20, 21, 29. அதற்கடுத்தது 119, 120, 169. அதற்கும் அடுத்தது 696, 697, 985. ஆயிரத்துக்குள் கர்ணம் அடங்குவது இந்த நான்கு மட்டுமே, நான்கில் கடைசி நம்முடையது. 696-இன் வர்க்கம் 4,84,416. 697-இன் வர்க்கம் 4,85,809. கூட்டினால் 9,70,225.

696-ஐயும் 697-ஐயும் கூட்டிப் பாருங்கள். 1393! மேலே மூலைவிட்டமாக வந்த அதே எண். இது தற்செயல் இல்லை. இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தி, வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்திச் சேர்த்தால், அந்த இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையைப் போல் இரண்டு மடங்கு வரும். இயற்கணிதப் பாடத்தில் உள்ள முற்றொருமைதான். இங்கே கூட்டுத்தொகை 1393, வித்தியாசம் 1. எனவே 1393-இன் வர்க்கமும் 1-ம் சேர்ந்தால் 985-இன் வர்க்கத்தைப் போல் இரண்டு மடங்கு. கோலத்தில் மிச்சமான அந்த ஒரு புள்ளியும், முக்கோணத்தின் பக்கங்களுக்கு இடையே உள்ள அந்த ஒரு எண் வித்தியாசமும் ஒன்றேதான். 985-இல் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பாப்பாவுக்கு எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

985-ஐக் கர்ணமாகக் கொண்ட முக்கோணங்கள் வேறு மூன்றும் உண்டு. 473, 864 என்பது ஒன்று. 140, 975 இன்னொன்று. மூன்றாவது 591, 788. இது கொத்தனாரின் 3, 4, 5-ஐயே 197 மடங்காக்கியது. எதனால் இத்தனை? 5, 197 இரண்டும் நான்கால் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்கள். அப்படிப்பட்ட பகா எண் ஒவ்வொன்றும் இரண்டு வர்க்கங்களின் கூட்டாக ஒரே ஒரு விதத்தில் அமையும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா சொன்னார், ஆய்லர் நிரூபித்தார். 5 என்பது 1-ம் 4-ம். 197 என்பது 1-ம் 196-ம், முன்னால் நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். இப்படி இரண்டு எண்கள் இருந்தால் அவற்றின் பெருக்கலும் இரண்டு வர்க்கங்களின் கூட்டாகும், அதுவும் பொதுவாக இரண்டு விதமாக. இந்த முற்றொருமைக்குப் பிரம்மகுப்தரின் பெயரே இருக்கிறது. 1, 2 ஒரு ஜோடி. 1, 14 இன்னொரு ஜோடி. நேராகவும் குறுக்காகவும் பெருக்கிக் கூட்டிக் கழித்தால் 29-ம் 12-ம் கிடைக்கும், இன்னொரு விதத்தில் 27-ம் 16-ம் கிடைக்கும். 841-ம் 144-ம் சேர்ந்தால் 985. 729-ம் 256-ம் சேர்ந்தாலும் 985.

12-ம் 29-ம் எங்கே பார்த்தோம்? பெல் எண் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை. அடுத்தடுத்த இரண்டு பெல் எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் இன்னொரு பெல் எண் வரும் என்பது அந்த வரிசையின் பொது விதி. 2-ம் 5-ம் போட்டால் 29, 5-ம் 12-ம் போட்டால் 169, 12-ம் 29-ம் போட்டால் 985.

கடைசியாக ஒரு பட்டியல். இதுதான் எல்லாவற்றிலும் ஆழமானது. ரஷ்யக் கணித அறிஞர் ஆந்த்ரே மார்க்கோவ் 1879-இல் ஒரு சமன்பாட்டை ஆராய்ந்தார். மூன்று எண்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால், அந்த மூன்றின் பெருக்கலைப் போல் மூன்று மடங்கு வர வேண்டும். 1, 1, 1 பொருந்தும். 1, 1, 2 பொருந்தும். 1, 2, 5-ம் அப்படியே: 1-ம் 4-ம் 25-ம் சேர்ந்து 30, பெருக்கல் 10, மூன்று மடங்கு 30. இந்தச் சமன்பாட்டில் இடம்பெறும் எண்கள் ஆயிரத்துக்குள் பதின்மூன்று மட்டும்: 1, 2, 5, 13, 29, 34, 89, 169, 194, 233, 433, 610, 985. இங்கேயும் கடைசியில் நிற்பது அதே எண். அதன் கூட்டாளிகள் 2-ம் 169-ம். 4, 28,561, 9,70,225 மூன்றையும் கூட்டினால் 9,98,790. 2, 169, 985 மூன்றையும் பெருக்கி மூன்று மடங்காக்கினாலும் 9,98,790.

ஒரு விடையிலிருந்து அடுத்த விடைக்குப் போக மார்க்கோவிடம் எளிய வழி உண்டு. வைத்துக்கொள்ளும் இரண்டு எண்களைப் பெருக்கி மூன்று மடங்காக்கி, மாற்ற வேண்டிய எண்ணைக் கழிக்க வேண்டும். 2, 29, 169 ஒரு விடை. 29-ஐ மாற்றுவோம்: 2, 169, 3 மூன்றையும் பெருக்கினால் 1014, அதில் 29 போனால் 985. முக்கோணக் கர்ணங்களைத் திரும்பப் பாருங்கள்: 5, 29, 169, 985. அங்கேயும் ஆறு மடங்காக்கி முந்தையதைக் கழித்தால் அடுத்தது வருகிறது. 29-இன் ஆறு மடங்கில் 5 போனால் 169. 169-இன் ஆறு மடங்கில் 29 போனால் 985. கோலப் புள்ளி, செங்கோண முக்கோணம், மார்க்கோவ் சமன்பாடு மூன்றிலும் ஓடுவது இரண்டின் வர்க்கமூலம் என்ற ஒரே நூல்தான்.

இதிலே தீராத கேள்வியும் ஒன்று இருக்கிறது. ஒரு மார்க்கோவ் எண் ஒரே ஒரு விடையில் மட்டும்தான் மிகப்பெரிய எண்ணாக வருமா? 985-ஐ எடுத்துக்கொண்டால் ஆமாம், 2, 169, 985 மட்டும்தான். எல்லா மார்க்கோவ் எண்களுக்கும் அப்படித்தான் என்று 1913-இல் ஜெர்மன் கணித அறிஞர் பிரோபீனியஸ் கருதினார். பல வகை எண்களுக்கு நிரூபித்துவிட்டார்கள், எல்லாவற்றுக்கும் இன்னும் முடியவில்லை.

985-இன் இலக்கங்களைக் கூட்டினால் 22, திருப்பிப் போட்டால் 589, அது 19-இன் 31 மடங்கு என்றெல்லாமும் சொல்லலாம். அவற்றை நான் சிறப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பத்தை அடிப்படையாக வைத்து எழுதுவதால் வருபவை அவை. வேறு அடிமானத்தில் எழுதினால் காணாமல் போய்விடும். 12-ம் 29-ம் போகாது. ஒரு எண்ணுக்குச் சிறப்பு உண்டா என்று கேட்கும்போது இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

பாப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். 696, 697, 985-க்கு அடுத்த முக்கோணத்தை அவளே கண்டுபிடிக்கட்டும். முதலில் கர்ணம்: 985-ஐ ஆறு மடங்காக்கி 169-ஐக் கழிக்க வேண்டும். பிறகு படிகளில் அந்தக் கர்ணத்துக்கு ஜோடியாக வரும் மூலைவிட்ட எண்ணைக் கூட்டலால் பிடித்து, அதை அடுத்தடுத்த இரண்டு எண்களாகப் பிரிக்க வேண்டும். 4059, 4060, 5741 என்று வந்தால் கணக்கு சரி.